சத்தம் நின்றுவிட்டது

வண்டிச் சத்தத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வீட்டில் இரவெல்லாம் இருமுகிற பிள்ளை, வைத்தியர் முன்னால் போய் உட்கார்ந்ததும் சமர்த்தாகிவிடுமே, அதே குணம். "நேத்து சாயங்காலம்கூட கடகடன்னு அடிச்சுச்சு அக்கா, சத்தியமா" என்று சொல்லி, என் பட்டறையைச் சுற்றி மூன்று முறை ஓட்டிக் காட்டுவார்கள். ஒரு முனகல்கூட வராது. பொய் சொல்லி மாட்டிக்கொண்டவர் போல முகம் சிறுத்துத் திரும்பிப் போவார்கள். அடுத்த வாரம் வண்டி கயிற்றில் இழுபட்டு வரும்.

அதனால் நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். சத்தம் கேட்கும்போதே போனில் பதிவு செய்து எனக்கு அனுப்பிவிட வேண்டும். காலையில் கையெல்லாம் கிரீஸாக இருக்கும். போனைத் தொட மாட்டேன். மதியம் சாப்பிட்டு முடித்து, இரண்டு மணிக்கு, பட்டறைக்குப் பின்னால் கிடக்கும் எஞ்சின் இல்லாத பழைய காரின் பின்சீட்டில் ஏறி, நான்கு கதவையும் சாத்திக்கொண்டு, ஹெட்போனை மாட்டி, வந்தவற்றை வந்த வரிசையில் கேட்பேன். வெளியே என் வீட்டுக்காரர் தகரம் தட்டிக்கொண்டிருப்பார். நெளிவெடுப்பதும் பெயிண்டும் அவர் பொறுப்பு. உள்ளே ஓடுவதெல்லாம் என் பொறுப்பு. "மகாராணி பாட்டு கேக்கப் போயாச்சு" என்பார்.

பாட்டுதான், கேட்கத் தெரிந்தால். சத்தம் எப்படி இருக்கிறது என்பதை நான் இரண்டாவதாகத்தான் கவனிப்பேன். முதலில் கவனிப்பது, அது எதன் வாலைப் பிடித்துக்கொண்டு போகிறது என்பதை. வண்டி வேகமானால் சத்தமும் வேகமாகிறதா? அது சக்கரத்தின் பிள்ளை. வண்டி நின்றிருக்கும்போது ஆக்ஸிலேட்டரை மிதித்தாலும் ஏறுகிறதா? அது எஞ்சினின் பிள்ளை. திருப்பத்தில் மட்டும் வருகிறதா, பள்ளத்தில் மட்டும் வருகிறதா, பிரேக்கில் கால் வைத்ததும் வாயை மூடிக்கொள்கிறதா? இதைச் சரியாகப் பிடித்துவிட்டால், ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பே பாதி வேலை முடிந்தது.

அன்றைக்குப் பதினொரு பதிவுகள் வந்திருந்தன. அவற்றில் ஆறு என் தம்பி அனுப்பியவை.

தம்பிக்கு எங்கள் வீட்டில் காது என்று பெயர். நூலகத்தில் வேலை, சத்தம்தான் அவனுக்கு எதிரி. பக்கத்துத் தெருவில் குழாய் சொட்டினால் அவனுக்குத் தூக்கம் போகும். போன வருடம் காரில் டொக் டொக் என்று வருகிறது என்று இரண்டு வாரத்தில் மூன்று முறை வந்தான். நானும் அவனை நம்பி முன்சக்கரம் இரண்டையும் கழற்றி, அடியில் இருக்கும் புஷ், ஆர்ம் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு, கடைசியில் பின்சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு முழுத் தேங்காயை எடுத்தேன். மாமியார் வீட்டில் கொடுத்துவிட்டது, உருண்டு உள்ளே போயிருக்கிறது. பட்டறையே சிரித்தது. அன்றிலிருந்து அவன் போன் செய்தால் நான் எடுத்ததும் கேட்பது ஒன்றுதான்: "என்ன, தேங்காய் உருளுதா?"

அன்று அவன் மலை மேலே போயிருந்தான். அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. மலையூரில் தையல் கடை வைத்திருந்தவர். இனி தனியாக இருக்க வேண்டாம் என்று முடிவாகி, என் வீட்டு மாடியறையைக் கழுவி வைத்திருந்தேன். தம்பியும் அவன் மனைவியும் போய் அவரைச் சாமானோடு கூட்டிவர வேண்டும். மூன்று மணிக்குள் வந்துவிடுவார்கள் என்று கணக்கு.

முதல் பதிவு, பதினொன்று பத்து. தம்பி மனைவியின் குரல்தான் முதலில். அவள்தான் போனைப் பிடித்திருந்தாள்.

"அக்கா, உங்க தம்பி பதிவு பண்ணியே ஆகணும்னு நிக்கறார். நான் ஒண்ணும் சொல்லல. நீங்களே கேளுங்க."

பின்னால் காற்று, எஞ்சின், அதற்கு மேலே மெல்லிய ஒரு கீச். கீச், கீச், கீச் என்று சக்கரம் சுற்றும் தாளத்தில். தம்பி பிரேக்கில் கால் வைத்தான் போலிருக்கிறது; கீச் நின்றது. காலை எடுத்தான், மறுபடி வந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. இதை நான் தூக்கத்தில்கூடச் சொல்வேன். பிரேக் பேட் என்பது சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் பிடித்து நிறுத்தும் வில்லை. தேயத்தான் செய்யும், தேய்வதுதான் அதன் வேலை. தேய்ந்து கடைசிக்கு வரும்போது ஓட்டுபவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா? அதற்காக அந்த வில்லையின் ஓரத்தில் நகம் போல ஒரு சின்ன எஃகுத் துண்டை வளைத்து வைத்திருப்பார்கள். வில்லை மெலிந்ததும் நகம் தட்டில் உரசும். காதுக்குப் பொறுக்காதபடி கத்த வேண்டும் என்றே அதைச் செய்திருக்கிறார்கள். இவ்வளவு பெரிய வண்டியில் கத்துவதற்காக மட்டுமே படைக்கப்பட்ட உறுப்பு அது ஒன்றுதான். எனக்கு அதன்மேல் ஒரு பிரியம் உண்டு.

இந்தத் தடவை தேங்காய் இல்லை, தம்பி ஜெயித்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டே அடுத்ததை அழுத்தினேன்.

பதினொன்று இருபத்தைந்து. இப்போது அப்பாவின் குரலும் இருந்தது.

"என்னடா, நின்னு நின்னு போறே? மேல கட்டில் இருக்கு, பின்னால மெஷின் இருக்கு, அதுவே தள்ளும். நியூட்ரல்ல போட்டு விடு, பெட்ரோல் மிச்சம்."

"அப்பா, அக்கா அப்படிச் செய்யக் கூடாதுன்னு..."

"அவ கிடக்கா. நான் வேன்ல போகாத ரோடா? எல்லா டிரைவரும் இறக்கத்துல நியூட்ரல்தான்."

"மாமா சொல்றாருல்ல, போடுங்களேன். ஒரு மணி நேரமா ரெண்டு பேரும் ஒரே சண்டை" என்றாள் தம்பி மனைவி. எஞ்சின் சத்தம் திடீரென்று தணிந்தது. கீச் மட்டும் தெளிவாகக் கேட்டது.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அப்பா சொன்னது அவர் காலத்து வண்டிக்கு ஓரளவு சரி. இப்போதைய வண்டி இறக்கத்தில் கியரிலேயே இருந்து, ஆக்ஸிலேட்டரில் கால் இல்லாவிட்டால், எஞ்சினுக்குப் பெட்ரோலே போகாது. சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றும். அப்படிச் சுற்றும் சிரமத்திலேயே வண்டி மட்டுப்படும். நியூட்ரலில் போட்டால் இரண்டும் பிரிந்துவிடும். எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோலும் குடிக்கும், வண்டியைப் பிடிக்கவும் செய்யாது. முழுப் பாரமும் அந்த நான்கு மெலிந்த வில்லைகள் மேல் விழும். மூன்று பேர், கட்டில், இரும்புப் பெட்டி, வார்ப்பிரும்புக் காலுள்ள தையல் மெஷின்.

வில்லைகள் இவ்வளவு மெலிந்திருந்தால் சிவப்பு விளக்கு எரிந்திருக்க வேண்டுமே என்று அப்போதுதான் தோன்றியது.

அது எரிந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை.

அதை அணைத்தது நான்.

அன்று தரையில் ஒரு கியர்பாக்ஸைப் பிரித்துப் போட்டிருந்தேன். தம்பி வாசலில் வந்து நின்று, "அக்கா, சிவப்பா ஒரு லைட் எரியுது" என்றான். "தேங்காய் உருளுதா?" என்றேன். நின்றிருந்த நாலு பேரும் சிரித்தார்கள். பானட்டைத் திறந்து பார்த்தேன். பிரேக் ஆயில் குப்பியில் மட்டம் கீழ்க்கோட்டுக்கு அடியில். அலமாரியிலிருந்த டப்பாவை எடுத்து மேல்கோடு வரை ஊற்றினேன். விளக்கு அணைந்தது.

"ஏன் கொறஞ்சுது?" என்று கேட்டான்.

யார் எதைக் கேட்டாலும் சாக்பீஸை எடுத்துத் தரையில் படம் போட்டு விளக்குகிறவள் நான். அன்றைக்கு, "வெயிலுக்கு. போ, சரியாயிடுச்சு" என்றேன்.

பிரேக் ஆயில் வெயிலுக்குக் குறையாது. அது மூடிய குழாயில் இருப்பது. எங்கும் ஒழுகாமல் குறைகிறது என்றால் காரணம் ஒன்றுதான். வில்லை தேயத் தேய, அதைத் தள்ளும் பிஸ்டன் அந்த இடைவெளியை நிரப்ப வெளியே நகரும். பிஸ்டன் விட்டுப் போன இடத்தை ஆயில் போய் நிரப்பும். குப்பியில் மட்டம் இறங்கும். ஆகவே அந்த விளக்கு ஆயில் கேட்டு அழுவதில்லை. வில்லை முடியப் போகிறது என்று சொல்கிறது. சக்கரத்தைக் கழற்றிப் பார்க்காமல் ஆயிலை மட்டும் ஊற்றுவது, அழும் பிள்ளையின் வாயில் துணியை அடைப்பது. என்னிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவர்களுக்கெல்லாம் முதல் நாள் நான் சொல்வது இது.

அந்த டப்பா வேறு பழையது. மழைக்காலம் முழுக்க மூடி சரியாகத் திருகாமல் அலமாரியில் இருந்தது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். ஈரம் குடித்த ஆயில் சீக்கிரம் கொதிக்கும்.

மூன்றாவது பதிவு, பதினொன்று நாற்பது. தம்பி குரலில் நிம்மதி.

"அக்கா, சத்தம் நின்னுடுச்சு. தானாவே. சும்மா உன் நேரத்த வீணாக்கிட்டேன். சிரிக்காதே."

"நான் அப்பவே சொன்னேன், தேங்காய்னு" என்று அப்பா சிரித்தார்.

நான் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். காற்றின் இரைச்சல் மட்டும் இருந்தது. கீச் இல்லை. பிரேக்கில் கால் இல்லாதபோதும் இல்லை.

எங்கள் தொழிலில் சத்தம் வருவதைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. சத்தம் தானாக நிற்பதற்குத்தான் பயப்பட வேண்டும். எதுவும் தானாகச் சரியாகாது. கத்திக்கொண்டிருந்தது நின்றால், கத்துவதற்கு ஆள் இல்லை என்று பொருள். அந்த எஃகு நகம் உடைந்து விழுந்திருந்தது.

நான்காவது, பன்னிரண்டு ஐந்து.

"அக்கா, ஏதோ கருகற வாடை" என்றாள் தம்பி மனைவி. "மாமா முன்னாடி போற லாரி கிளச்சுங்கறார். ஆனா முன்னாடி லாரியே காணோம்."

"வளைவுக்கு அந்தப் பக்கம் போயிருக்கும்மா" என்றார் அப்பா.

"பெடல் கொஞ்சம் கீழ போகுது அக்கா" என்று தம்பி இடையில் சொன்னான், மெதுவாக, தனக்கே சொல்வது போல. "ரெண்டு தடவ மிதிச்சா வருது."

வில்லை மெலிந்தால் சூட்டைத் தடுக்க நடுவில் எதுவும் இல்லை. தட்டின் சூடு நேராகப் பிஸ்டனுக்கு, பிஸ்டனிலிருந்து ஆயிலுக்கு. ஆயில் கொதித்துக் குமிழி விடும். ஆயிலை அழுத்த முடியாது, அதனால்தான் கால் போட்ட பலம் அப்படியே சக்கரத்துக்குப் போகிறது. குமிழியை அழுத்த முடியும். பெடல் தலையணை போல உள்ளே போகும், சக்கரத்துக்கு எதுவும் போய்ச் சேராது.

ஐந்தாவது, பன்னிரண்டு நாற்பது. காட்சிமுனையில் நிறுத்தியிருக்கிறார்கள். காற்று வேறு மாதிரி வீசியது. நாலைந்து பேர் போட்டோ எடுக்கும் கலகலப்பு.

"அக்கா, ஒரு வேடிக்கை கேளுங்க. மாமா பாட்டில் தண்ணிய சக்கரத்துல ஊத்தறார்."

ஸ்ஸ்ஸ் என்று நீளமாக ஒரு சீறல். காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் வருமே, அதைவிட நீளம்.

"பாத்தியா, குளுந்துடுச்சு" என்றார் அப்பா. "மனுசனுக்கே வெயில்ல தண்ணி வேணும். வண்டிக்கு வேணாமா?"

தம்பி கதவைத் திறந்து உட்கார்ந்து பெடலை மிதித்துப் பார்ப்பது கேட்டது. "இப்ப கல்லு மாதிரி நிக்குது அக்கா. சரியாயிடுச்சு. கிளம்பறோம். கீழ போய்க் கூப்பிடறேன்."

ஆறியதும் குமிழி மறுபடி ஆயிலாகிவிடும். பெடல் கெட்டியாகும். வண்டி தரும் ஆறுதல்களிலேயே கொடியது இது. காட்சிமுனைக்குக் கீழே பதினோரு கொண்டை ஊசி வளைவுகள், இருப்பதிலேயே செங்குத்தான பகுதி.

ஆறாவது பதிவு பன்னிரண்டு ஐம்பத்தெட்டு. அளவு நான்கு வினாடி.

அதை நான் அழுத்தவில்லை. மணி பார்த்தேன். இரண்டு பதினெட்டு. காட்சிமுனையிலிருந்து அடிவாரத்துக்கு அரை மணி. அடிவாரத்தில் சிக்னல் உண்டு. ஒரு மணி நேரம் முன்பே அவன் கூப்பிட்டிருக்க வேண்டும்.

கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. அவன் மனைவிக்குக் கூப்பிட்டேன். அதுவும் அப்படித்தான். அப்பாவிடம் போன் கிடையாது.

அடிவாரச் சோதனைச் சாவடியின் எண் என்னிடம் உண்டு. பழுதான வண்டிகளை எடுக்க அடிக்கடி போவேன். காவலர் எடுத்தார்.

"சாம்பல் கலர் கார். மேல கட்டில் கட்டியிருக்கும்."

காகிதம் புரளும் சத்தம். "இல்லம்மா, வரல. காலைலேர்ந்து நான்தான் எழுதறேன். கட்டில் வந்தா மறப்பேனா?"

அடிவாரத்தில் கிரேன் வைத்திருப்பவனைக் கூப்பிட்டேன். எல்லோருக்கும் அவன் கொக்கி.

"கொக்கி, இன்னைக்கு மலையில ஏதாவது சேதி உண்டா?"

"ஒண்ணுமில்லக்கா. ஈ ஓட்டறேன். ஏன், ஏதும் ஆகணுமா?" என்று சிரித்தான். நான் சிரிக்காததைக் கேட்டு அவனும் நிறுத்திக்கொண்டான்.

பழைய காரிலிருந்து இறங்கியபோது என் வீட்டுக்காரர் சுத்தியலோடு திரும்பினார். "யார் வண்டி பாடுச்சு இன்னைக்கு?" என்றவர் என் முகத்தைப் பார்த்தார். பிக்கப் சாவியை எடுத்தார்.

அடிவாரத்துக்கு நாற்பது நிமிடம். கொக்கி கிரேனைத் திருப்பி நிறுத்தித் தயாராக இருந்தான். நான் அவனோடு ஏறினேன். பிக்கப் எங்களுக்குப் பின்னால் வந்தது.

மலை ஏறும்போது நான் ரோட்டையே பார்த்தேன். கறுப்புக் கோடு இருக்கிறதா என்று. பிறகுதான் புரிந்தது, அதைத் தேடுவதில் பயனில்லை. பிரேக் பிடித்த வண்டிதான் ரோட்டில் கோடு போடும். பிரேக் இல்லாத வண்டி எதையும் எழுதாமல் போய்விடும். சுத்தமான தார். ஒவ்வொரு வளைவிலும் அப்பழுக்கில்லாமல் சுத்தமான தார்.

கீழிருந்து மூன்றாவது வளைவில் தடுப்புச் சுவர் பத்தடிக்கு இல்லை. உடைந்த கற்கள் சிதறிக் கிடந்தன. நான் கதவைத் திறக்கப் போனேன்.

"அது போன மாசம்க்கா" என்றான் கொக்கி. "பால் வண்டி. கல்லுல பாசி ஏறியிருக்கு பாருங்க."

ஏறியிருந்தது. ஆனாலும் கீழே எட்டிப் பார்த்தேன். மரங்கள்தான் தெரிந்தன.

நான்காவது வளைவு தாண்டும்போது ஆறாவது பதிவை அழுத்தினேன். யாரும் பேசவில்லை. கர்ர்ர் என்று கல்லின் மேல் கல்லை இழுப்பது போல ஒரு சத்தம், தாழ்வாக, சக்கரத்தின் தாளத்தில். அப்பா எதையோ சொல்லத் தொடங்குவது போல "டே" என்றார். முடிந்துவிட்டது.

வில்லை தீர்ந்து இரும்பு இரும்போடு உரசும் சத்தம். மறுபடி அழுத்தினேன். மறுபடி "டே".

"நிறுத்துங்கக்கா அதை" என்றான் கொக்கி.

ஐந்தாவது வளைவில் யாரும் இல்லை. ஆறாவதில் ஒரு குரங்குக் கூட்டம். ஏழாவது வளைவைத் திரும்பியதும் ரோட்டோரத்தில் ஒரு சாய்வு நாற்காலி தெரிந்தது. அதில் அப்பா உட்கார்ந்திருந்தார், தன் வீட்டுக் கூடத்தில் இருப்பது போல, கால்மேல் கால் போட்டு.

அவருக்குப் பின்னால் கார், மலைப்பக்கச் சுவரோடு மூக்கை ஒட்டி நின்றது. நான்கு சக்கரத்துக்கும் கல் முட்டுக் கொடுத்திருந்தது. தம்பி எழுந்து நின்றான். அவன் மனைவி பெட்டிமேல் உட்கார்ந்து துப்பட்டாவால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"வா வா" என்றார் அப்பா. "உன் தம்பி பண்ணின கூத்தப் பாரு. வண்டி நல்லா ஓடிக்கிட்டிருக்கு, திடீர்னு ஓரம் கட்டிட்டு ஒரு அடி நகர மாட்டேங்கறான். இங்க சிக்னலும் இல்ல. வந்த ஒரு பஸ்ஸயும் கை காட்டி நிறுத்தத் தெரியல. ரெண்டரை மணி நேரமா நான் இந்தப் பாறையையே பாத்துக்கிட்டிருக்கேன். எனக்கு ஒரு சத்தமும் கேக்கல."

நேரே காருக்குப் போய், கதவைத் திறந்து, பிரேக்கைக் கையால் அழுத்தினேன். பெடல் தரைவரை போயிற்று. மறுபடி அழுத்தினேன். தரைவரை.

"நிறுத்தும்போதே இப்படித்தான் இருந்துச்சா?"

"பாதி இருந்துச்சு" என்றான் தம்பி. "செகண்டுக்கு மாத்தினேன், அப்பறம் ஃபர்ஸ்ட். ஹேண்ட் பிரேக்க மெதுவா இழுத்துக்கிட்டே சுவத்துப் பக்கம் ஒதுக்கினேன். நீ ஒரு நாள் சாக்பீஸ்ல போட்டுக் காட்டினது." பிறகு, "கர்ருன்னு கேட்டுச்சு அக்கா. நிஜமாவே கேட்டுச்சு" என்றான், நான் நம்பமாட்டேன் என்பது போல.

ஜாக்கி போட்டு முன்சக்கரத்தைக் கழற்றினேன். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து பார்த்தார். உள்பக்க வில்லை இல்லவே இல்லை. அதைத் தாங்கும் இரும்புத் தகடு மட்டும் நீலம் பாரித்து இருந்தது. தட்டு முழுக்க உழுதது போல வரிவரியாகப் பள்ளம். தண்ணீர் ஊற்றிய இடத்திலிருந்து மயிரிழைக்கு ஒரு விரிசல் ஓடியது. பிஸ்டனின் ரப்பர் உறை பொரிந்து, அதன் வழியாக ஆயில் கசிந்து காய்ந்திருந்தது.

அப்பா விரிசலைப் பார்த்தார். கீழே இருந்த ரோட்டைப் பார்த்தார். நாற்காலிக்குத் திரும்பிப் போனார்.

"நல்லவேளை அக்கா" என்றான் தம்பி. "அன்னைக்கு நீ ஆயில் ஊத்தினதால இவ்வளவு தூரமாவது வந்துச்சு."

சரி என்று விட்டுவிடலாம். கொக்கிக்கும் என் வீட்டுக்காரருக்கும் முன்னால், கையில் ஸ்பேனரோடு, ஒரு நொடி அப்படித்தான் நினைத்தேன்.

"ஊத்தினதாலதான்டா இது" என்றேன்.

அவனுக்கு விளக்கினேன். வில்லை, பிஸ்டன், மட்டம், விளக்கு எல்லாவற்றையும் வரிசையாக. பழைய டப்பாவையும் சொன்னேன். சொல்லும்போது முதல் முறையாக எனக்கு விளக்குவதில் சந்தோஷம் இல்லை.

"வெயிலுக்குன்னு சொன்னே."

"பொய். வேலை கெடுதேன்னு சொன்னேன்."

அவன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி பெட்டியிலிருந்து எழாமலே சொன்னாள்: "நாலு நாளா கீச்சுன்னு கேக்குது, கீச்சுன்னு கேக்குதுன்னு பொலம்பிக்கிட்டே இருந்தார் அக்கா. உங்களுக்குப் போன் பண்ணுங்கன்னு சொன்னா, வேணாம், தேங்காயான்னு கேப்பான்னுட்டார். இன்னைக்கு மலையில தாங்க முடியாமத்தான் என்னை அனுப்பச் சொன்னார்."

"ஏய், விடு" என்றான் தம்பி.

அவள் விட்டாள். நான் கழற்றிய நட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி மாட்டினேன், கை எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டும் என்பதற்காக.

கொக்கி காரின் முன்பக்கத்தைத் தூக்கிக் கட்டினான். அப்பாவும் தம்பி மனைவியும் நாற்காலியோடு பிக்கப்பில் என் வீட்டுக்காரருடன் போனார்கள். கிரேனில் கொக்கி, நடுவில் நான், ஜன்னலோரம் தம்பி.

இறங்கத் தொடங்கினோம். கொக்கி நல்ல ஓட்டுநர். முதல் கியரிலேயே, பிரேக்கை அதிகம் தொடாமல் இறக்கினான். ஆறாவது வளைவு. ஐந்தாவது. வெயில் சாய்ந்து பாறை மேல் மஞ்சளாக இருந்தது.

நான்காவது வளைவில் தம்பி தலையைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் சாய்த்தான். பிறகு நேராக உட்கார்ந்தான். மறுபடி சாய்த்தான். வாயைத் திறந்து மூடிக்கொண்டான். அந்த முகத்தை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும்.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல."

"என்னன்னு சொல்லு."

"இடது பக்கம், பின்னாடி. டிக் டிக்குன்னு. சக்கரம் ஒரு சுத்துக்கு ஒண்ணு." அவன் கொக்கியைப் பார்த்துக் கூச்சப்பட்டான். "டயர்ல கல் மாட்டியிருக்கும்."

கொக்கி சிரித்தான். "என் வண்டிலயா? நேத்துதான் டயர் மாத்தி, நானே நின்னு மாட்டினேன் தம்பி. இந்த இரைச்சல்ல டிக்குனு கேக்குதாம். தேங்காய் கதை எனக்கும் தெரியும்."

நான் காதைத் தீட்டினேன். கிரேனின் எஞ்சின், சங்கிலி, பின்னால் தொங்கும் காரின் கிரீச்சிடல். இதற்கு நடுவில் டிக் எங்கே? எனக்கு எதுவும் கேட்கவில்லை. இருபது வருடம் சத்தம் கேட்டே சோறு தின்கிறவள், எனக்கு எதுவுமே கேட்கவில்லை.

முன்னால் மூன்றாவது வளைவு தெரிந்தது, சுவர் இல்லாத வளைவு.

"நிறுத்து கொக்கி."

"அக்கா, இறக்கத்துல, பின்னால ஒரு வண்டியத் தூக்கிக்கிட்டு..."

"நிறுத்து."

நிறுத்தினான். முணுமுணுத்துக்கொண்டே இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை வைத்தான். நான் கிரேனின் இடது பின்சக்கரத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்தேன். தம்பி தள்ளியே நின்றான், தப்பாகச் சொல்லியிருந்தால் ஓடிவிடுவதற்கு வசதியாக.

மேலே இருந்த நட்டைத் தொட்டேன். சூடு, அசையவில்லை. அடுத்ததும் அசையவில்லை. மூன்றாவதில் விரலை வைத்து லேசாகத் திருப்பினேன். குழாய் மூடி போல அது என் விரலோடு சுற்றியது, ஒரு சுற்று, இரண்டு சுற்று.

நான்காவது இருக்க வேண்டிய இடத்தில் நட்டே இல்லை.